சிலோன் காசுதான் பெரிசா?

கேள்வி: எங்கள் தாத்தா 1960களில் கண்டியில் கடை வைத்திருந்தார். "அப்போ சிலோன் காசுதான் பெரிசு" என்று பாட்டி இப்போதும் சொல்கிறார். இன்று நம் 100 ரூபாய்க்கு அங்கே 300க்கு மேல் கிடைக்கிறதே, பாட்டி சொல்வது நிஜமா?

பதில்: நிஜம்தான், ஆனால் அறுபதுகள் முழுக்க அப்படி இல்லை. பல காலம் இரண்டும் சமமாகத்தான் இருந்தன. 1884 முதல் இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டிருந்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டு நாடுகளும் கூடவே குறைத்தன, டாலருக்கு 4.76 ரூபாய் என்று இங்கும் அங்கும் ஒரே விலை. 1950ல் இலங்கை தனி மத்திய வங்கி தொடங்கிய பிறகும் அதில் மாற்றமில்லை.

பாதை பிரிந்தது 1966 ஜூன் 6 அன்று. பாகிஸ்தானோடு போர், அடுத்து கடும் வறட்சி, இறக்குமதிக்கு டாலர் இல்லை, உதவி தரும் நாடுகளின் நெருக்கடி வேறு. இந்திரா காந்தி அரசு டாலர் விலையை ஒரே நாளில் 4.76லிருந்து 7.50 ஆக்கியது. இலங்கை அசையவில்லை. அதனால் முந்தின நாள் வரை 100 இந்திய ரூபாய்க்குச் சமமாக இருந்த 100 இலங்கை ரூபாய்க்கு இப்போது 157 இந்திய ரூபாய்! பாட்டி மனதில் நிற்பது இந்தக் காலம்தான் என்று நினைக்கிறேன்.

அது ஒன்றரை வருடம்கூட நீடிக்கவில்லை. 1967 நவம்பரில் பவுண்ட் மறுபடி விழுந்தது, தேயிலையை நம்பியிருந்த இலங்கை தன் ரூபாயை 20 சதவீதம் குறைத்து டாலருக்கு 5.95 என்று வைத்தது, இந்தியா இந்த முறை பின்தொடரவில்லை. 157 என்பது 126 ஆனது. அப்புறமும் இலங்கைப் பணம்தான் மேலே, அதாவது காகிதத்தில். ஏனென்றால் 1968ல் இலங்கை அரசு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அத்தியாவசியமில்லாத பொருளை இறக்குமதி செய்பவர் 5.95க்கு மேல் 44 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், பிறகு அது 55, கடைசியில் 65 சதவீதம் வரை போனது. 44 சதவீதம் என்றாலே டாலர் எட்டரை ரூபாயைத் தாண்டிவிடுகிறது, இந்தியாவிலோ 7.50. அப்படிப் பார்த்தால் 1968லேயே நம் ரூபாய் முந்திவிட்டது. அதிகாரபூர்வ விலையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நாட்டுப் பணம் பெரிசு என்று பேசுவதை நான் ஏற்பதில்லை, அந்த விலைக்கு யாருக்கு டாலர் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

1977 நவம்பரில் இலங்கை இந்த இரட்டை விலையை ஒழித்து, டாலர் 16 ரூபாய் என்று தொடங்கி மிதக்க விட்டது, அதாவது விலையைச் சந்தையின் போக்குக்கு விட்டது. இங்கே அப்போது ஒன்பதுக்கும் கீழே. நம் 100 ரூபாய்க்கு அங்கே 180க்கு மேல் என்று திரும்பிவிட்டது, அதன் பிறகு இலங்கைப் பணம் நம்மை எட்டவே இல்லை. 2022ல் நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும்: டாலரை 200க்குப் பக்கத்தில் பிடித்து வைத்திருந்து, மார்ச்சில் கையை விட்டதும் மே மாதத்துக்குள் 360. சம்பளமும் சேமிப்பும் அதே ரூபாயில் இருந்த மக்கள்தான் அந்த அடியை வாங்கினார்கள்.

கேள்வி: சரி, 1970ல் தாத்தா ஊருக்கு அனுப்பிய 500 ரூபாயை இந்தியப் பணத்தில் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வது?

பதில்: ரசீது இருந்தால் அதைத் தேடுங்கள், இரண்டு தொகையும் அதில் இருக்கும். 630 இந்திய ரூபாய் என்று இருந்தால் அதிகாரபூர்வ விலை, 405 பக்கத்தில் இருந்தால் 55 சதவீதம் கூடுதலான சான்றிதழ் விலை. ரசீதே இல்லாமல் உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலமாக, வந்திருந்தால் எந்த அட்டவணையும் உதவாது. ஊரில் பணத்தை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், கையில் எவ்வளவு வந்தது என்று அவர்களிடமே கேட்டு எழுதிவையுங்கள்.