ஜப்பானிய மலைகளின் தெங்கு, யமம்பா: கேள்வி பதில்

மாணவர் ஒருவர்: தெங்கு என்பது பேயா, தெய்வமா?

பதில்: எந்தக் காலத்துத் தெங்கு என்பதைப் பொறுத்தே விடை அமையும். சீன எழுத்துகளில் ‘வான் நாய்’ என்று பொருள்படும் இப்பெயர், 720-இல் நிறைவுற்ற ‘நிஹோன் ஷோகி’ வரலாற்று நூலில் வருகிறது. 637-ஆம் ஆண்டில் இடியோசையுடன் வானத்தில் ஓர் ஒளி பாய்ந்ததாகவும், அது எரிவிண்மீன் அன்று, தெங்குவே என்று மின் என்னும் துறவி கூறியதாகவும் அந்நூல் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் ‘கொன்ஜாகு’ கதைத் தொகுப்பிலோ, தெங்கு பௌத்தத் துறவிகளை மயக்கி வழிகெடுக்கும் பகையாக மாறிவிடுகிறது. அதே தெங்கு இன்று தோக்கியோவுக்கு அருகிலுள்ள தக்காவோ மலைக்கோயிலில் காவலராகச் சிலை வடிவில் நிற்கிறது.

வாசகி ஒருவர்: சிலைகளில் தெங்குவின் மூக்கு ஏன் அவ்வளவு நீளம்?

பதில்: பழைய கதைகளில் தெங்கு பருந்து உருவம் கொண்டது, அதன் அலகே பிற்காலத்தில் மனித முகத்தின் நீண்ட மூக்காயிற்று என்பது பரவலான கருத்து. அலகும் சிறகும் மாறாத காகத் தெங்குவை, பௌத்தத்தின் வழியே ஜப்பான் சென்று ‘கருரா’ எனப் பெயர் பெற்ற நம் கருடனோடு இணைத்துப் பார்ப்போரும் உண்டு. மலைகளில் தவம் செய்யும் யமபுஷித் துறவிகளின் உடையையே தெங்கு அணிந்திருப்பதும், செருக்குற்ற துறவி இறந்தபின் தெங்கு ஆவான் என்ற நம்பிக்கையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே நான் கருதுகிறேன். தற்பெருமை கொண்டவனை ‘தெங்கு ஆகிவிட்டான்’ என்று சொல்லும் வழக்கு ஜப்பானிய மொழியில் இன்றும் உள்ளது.

மலையேறும் அன்பர்: மலையில் கேட்கும் ஓசைகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. நள்ளிரவில் பெருமரம் சாயும் ஓசை கேட்கும். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு மரமும் விழுந்திராது. மலைத்தொழிலாளர்கள் இதைத் ‘தெங்கு சாய்ப்பு’ என்றனர். எதிரொலிக்கு யமபிக்கோ என்று பெயர். அதையும் ஓர் உயிராகவே எண்ணினர்.

மற்றொரு வாசகர்: யமம்பா மனிதரைத் தின்னும் மலைக்கிழவிதானே?

பதில்: அப்படிச் சொல்லும் கதைகள் பல. ஆயினும் அஷிகாரா மலையில் கிந்தாரோ என்ற வலிமை மிக்க சிறுவனை வளர்த்த தாயும் அவளே. ‘யமம்பா’ என்னும் நோ (ஜப்பானிய மரபு நாடக வகை) நாடகத்தில் அவள் விறகுவெட்டியின் சுமைக்குத் தோள் கொடுக்கிறாள். நெசவு செய்யும் பெண்ணின் சாளரம் வழியே நுழைந்து அவளுக்கு உதவுகிறாள். அவர்கள் கண்ணுக்கு அவள் தெரிவதில்லை.