புரோன்சினோ வரைஞ்ச எலியோனோரா கவுன் தைக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

கோலாலம்பூர் செத்தாப்பாக்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இத்தாலி ஓவியர் புரோன்சினோ வரைஞ்ச, ப்ளோரன்ஸ் டியூக்கோட மனைவி எலியோனோரா போர்ட்ரெய்ட்ல இருக்குற கவுன நானே தைக்கணும். முழங்காலுக்குக் கீழ படத்துல இல்ல, முதுகுப் பக்கமும் தெரியல. சாரி பிளவுஸ், பாவாடை நல்லா தைப்பேன். எந்தத் துணி வாங்குறது?"

தங்கச்சி, துணிக்கடைக்கு இப்பவே ஓடாதீங்க, மொதல்ல படத்துல இருந்தே அளவு எடுக்கணும். அந்த ஓவியம் 1545 வாக்குல வரைஞ்சது, ப்ளோரன்ஸ்ல உஃபிசி மியூசியத்துல இருக்கு, 115க்கு 96 சென்டிமீட்டர் பலகை, அதுல அந்தம்மா உக்காந்து பக்கத்துல மகனும் நிக்கிறான்னா உருவம் கிட்டத்தட்ட ஆள் சைஸ்தான். அதனால நல்ல தெளிவான படமா எடுத்து ஒரிஜினல் சைஸ்லயே ப்ரிண்ட் போடுங்க, ஏ0 தாள் 84 சென்டிமீட்டர் அகலம்தான் வரும், ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் போனா பரவால்ல. சுவத்துல ஒட்டிட்டு உங்க கைய அவங்க கை மேல வச்சுப் பாருங்க, எவ்வளவு கூட்டணும் குறைக்கணும்னு அப்பவே புரிஞ்சிடும், அப்புறம் டேப் பிடிச்சு கழுத்து அகலம், நெஞ்சு நடுவுல இருக்குற அந்தப் பெரிய மாதுளம்பழ டிசைனோட உயரம் எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க.

அந்த மாதுளம்பழத்த நல்லா உத்துப் பாருங்க. எங்கயாவது உடைஞ்சிருக்கா? ஒரு டார்ட் (ஷேப்புக்காக மடிச்சுப் பிடிக்கிற தையல்) கூட கிடையாது, முன்பக்கம் பலகை மாதிரி தட்டையா இருக்கு. பிளவுஸ் தைக்கிற நமக்கு கை தானா டார்ட் பிடிக்கப் போயிடும், நான் மொதல் தடவ இந்த மாதிரி பாடி (கவுனோட மேல் பகுதி) தச்சப்ப அப்படித்தான் நாலு டார்ட் பிடிச்சேன், நடு டிசைன் கோணிப்போயி ரெண்டு வாரத்து ஆரி வேலை முழுக்க வீணாப் போச்சு. பக்கத் தையல்லயே ஷேப் கொண்டு வாங்க, உள்ள காட்டன் ட்ரில் லைனிங்கும் கேன்வாஸும் குடுத்தா போதும், கம்பி வச்ச கோர்செட் எல்லாம் இந்தக் காலத்துக்குப் பிந்தின சமாச்சாரம்.

இப்ப தெரியாத பகுதிக்கு வருவோம். இங்க தயவுசெஞ்சு கற்பனை பண்ணாதீங்க, ஏன்னா அந்தம்மா உடுத்தின நிஜ உடுப்பே ஒன்னு மிஞ்சியிருக்கு. 1562ல அவங்க மலேரியால இறந்தாங்க, 1857ல கல்லறைய திறந்தாங்க, அடக்கம் பண்ணப்ப போட்டிருந்த உடுப்பு இப்ப ப்ளோரன்ஸ்லயே பிட்டி அரண்மனை ஃபேஷன் மியூசியத்துல இருக்கு. ரொம்ப காலமா இந்தப் போர்ட்ரெய்ட் கவுன்லயேதான் அடக்கம் பண்ணாங்கன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா அது வேற, சாட்டின் துணியில வெல்வெட் பட்டை வச்ச கவுன். அதுல பாடிய பின்பக்கம் ரெண்டு சைட்லயும் ஓட்டை போட்டு நாடா கோத்து இழுத்திருக்காங்க, நீங்களும் அதையே பண்ணுங்க, ஜிப் வைக்காதீங்க. பாவாடைக்கு நேர் துணிய சுருக்கு வச்சா இடுப்பு பருத்துரும், உள்பாவாடைக்கு ஆறு பீஸ் வெட்டுவோமே அந்த மாதிரி சைடுல முக்கோணத் துண்டு குடுங்க, தரை வரைக்கும் இருக்கட்டும்.

துணிதான் பெரிய வேலை. ஒரிஜினல் வெள்ளைப் பட்டு, அதுல கறுப்பு வெல்வெட் கொடி, மாதுளம்பழத்துல தங்க இழை குட்டிக் குட்டி வளையமா எழும்பி நிக்கும், துவட்டுற டவல்ல நூல் வளையம் இருக்குமே அந்த மாதிரி. இதே நெசவு கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடைத் தெரு பூரா அலைஞ்சாலும் கிடைக்காது. சொங்கெட் (தங்க இழை போட்ட மலாய் நெசவுத் துணி) வாங்கிடலாம்னு தோணும், தங்க இழை அழகுதான், ஆனா அதோட பூ டிசைன் பார்த்ததுமே மலாய் உடுப்பா தெரிஞ்சிடும். நான் செய்றது என்னன்னா கனமான, மங்கலா மினுக்குற தந்த வெள்ளை சாட்டின் (பளபளன்னு மின்னுற பாலியஸ்டர் வேணாம், போட்டோல ஃப்ளாஷ் பட்டா பிளாஸ்டிக் மாதிரி தெரியும்), அது மேல கறுப்பு வெல்வெட்ட ஃப்யூசிங் (இஸ்திரி போட்டா ஒட்டிக்கிற பசைத் துணி) ஒட்டி கொடி கொடியா வெட்டி அப்ளிக், ஓரத்துக்கு கறுப்பு கார்டு, மாதுளைக்கு மட்டும் கல்யாண பிளவுஸ் போடுற ஆரிக்காரங்க கிட்ட ஜரி வளையம் போடச் சொல்லுவேன். வெல்வெட்டுக்கு மேல கீழ உண்டு, எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்க்கணும், இல்லன்னா பாதி கறுப்பு பாதி சாம்பலா தெரியும். அந்தக் காலத்து ப்ளோரன்ஸ் பட்டு 60 சென்டிமீட்டர் அகலம் சுமாருக்குத்தான் நெய்வாங்க, அதனால 45 இன்ச் துணிய நீளவாக்குல ரெண்டா வெட்டி ஜாயிண்ட் போட்டா தையல் வர்ற இடமும் சரியா அமையும்.

கை தனியா தச்சு தோள்ல கட்டுறது, கீறல் வழியா உள்ள இருக்குற வெள்ளைச் சட்டை பிதுங்கி வரணும், அதுக்கு மெல்லிசு மல் துணி போதும். தோள் மேல இருக்குற தங்க வலைக்கும் தலை வலைக்கும் ஒரே கார்டு, ஒரே முத்து வாங்கிடுங்க.

நம்ம ஊரு வெயில்ல இத ரெண்டு மணி நேரம் போட்டு நிக்கணும், அதனால உடம்புல படுற லைனிங் எல்லாம் காட்டனாவே இருக்கட்டும். மொதல்ல காடாத்துணியில பாடி மட்டும் தச்சு, நாற்காலியில அவங்கள மாதிரியே உக்காந்து முன்பக்கம் ஒன்னு பக்கவாட்டுல ஒன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க, வெல்வெட்ல கத்தரி வைக்கிறதுக்கு முன்ன நான் ஒரு தடவ பார்த்துடறேன்.