"ரிப்போர்ட்டில் பாஸ் போடு" என்று மேலாளர் சொன்னால்

கேள்வி: கோவையில் பிரஷர் குக்கர் தயாரிக்கும் சிறிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். புதிய சப்ளையரிடம் வாங்கிய சேஃப்டி வால்வுகளில் சில, சோதனையில் உருக வேண்டிய நேரத்தில் உருகவில்லை. அதே வால்வு பொருத்திய குக்கர்கள் ஒரு லோடு ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டன. "அடுத்த லாட்டில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம், இப்போது ரிப்போர்ட்டில் பாஸ் போடு" என்கிறார் மேலாளர். பிரச்சினை ஆனால் என்மேல் வழக்கு வருமா?

பதில்: வரலாம். ஆனால் அதைவிட அவசரமானது, கடைக்குப் போய்விட்ட அந்த லோடு.

வெயிட் வழியாக ஆவி போகும்வரை சேஃப்டி வால்வுக்கு வேலையே இல்லை. பருப்போ அரிசியோ ஆவிக்குழாயை அடைத்துக்கொள்ளும் நாளில்தான் அது உருகி வழிவிட வேண்டும். அன்றும் உருகாவிட்டால் மூடி தெறிக்கலாம். அடுப்பின் முன் நிற்பவர் முகம் வெந்துபோகும். அதுவரை குக்கர் நன்றாகவே சமைத்துக் கொடுக்கும், ஒரு புகார்கூட வராது. அதனால் 'கஸ்டமர் யாரும் எதுவும் சொல்லவில்லையே' என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வீட்டு உபயோகக் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இருந்தும் தரம் இல்லையென்றால் விற்பனையை நிறுத்தவும், விற்றதைத் திரும்பப் பெறவும் இந்திய தர நிர்ணய அமைவனம் உத்தரவிட முடியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் காயம்பட்டவருக்கு உற்பத்தியாளர் இழப்பீடு தர வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். உயிர் போனால் கதை வேறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அது தனி மனிதர்மேல் வரும் வழக்கு. தவறியது தெரிந்தே 'பாஸ்' என்று நீங்கள் எழுதிய தாள் போலீஸ் கையில் கிடைத்தால், 'கவனிக்கவில்லை' என்று சொல்லக்கூட உங்களுக்கு வாய் இருக்காது.

மேலாளர் சொல்லும் 'சத்தமில்லாமல் மாற்றுவது' எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் உதாரணம் இருக்கிறது. ஓடும்போதே அணைந்துவிடும் இக்னிஷன் ஸ்விட்சை 2006இல் மாற்றினார்கள். பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை. பழைய கார்களுக்கும் புதிய கார்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பல வருடம் பிடிபடவில்லை. 2014இல்தான் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

கையெழுத்துப் போடாதீர்கள். வந்த முடிவை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அப்புறம் மேலாளருக்கும் முதலாளிக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல்: லாட் எண், எத்தனை சோதித்தீர்கள், எத்தனை தவறின, எந்த டீலர்களுக்குச் சரக்கு போயிருக்கிறது. டெஸ்பாட்சை நிறுத்தச் சொல்லுங்கள். முதலாளி செலவுக்குப் பயந்தால் ஒரு வழி சொல்லலாம்: விற்காமல் கடையில் நிற்பதை உடனே திரும்ப எடுப்பது, விற்றுப்போனதற்குச் சோதித்த புது வால்வை டீலர் மூலம் இலவசமாக மாற்றிக் கொடுப்பது. மூடியில் திருகும் சின்னப் பாகம்தானே அது.

முதலாளியும் மறுத்தால் கோவையிலேயே தர நிர்ணய அமைவனத்தின் கிளை இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோகூடப் புகார் தரலாம். இதில் வேலை போகும் ஆபத்து உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 2014 தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்களின் முறைகேடுகள் பற்றியது. கம்பெனிச் சட்டத்தின் புகார் ஏற்பாடும் பட்டியலிட்ட நிறுவனங்கள், பெருங்கடன் வாங்கியவை போன்றவற்றுக்குத்தான். உங்களைப் போன்ற சிறு நிறுவன ஊழியருக்கு அந்தக் குடை இல்லை. ஆகவே வெளியே போகுமுன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள். கம்பெனி வரைபடங்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். தேதி போட்ட உங்கள் குறிப்புகள் போதும்.

ராஜினாமா செய்ய நினைத்தாலும் மின்னஞ்சலை அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். எந்த லாட் என்று சொல்லாமல் நீங்கள் கிளம்பிவிட்டால், அந்தக் குக்கர்களைத் தேடிப்போக வேறு ஆள் இல்லை.