லேசான ஈரம் இருந்தால் துகள்கள் ஏன் பிரிவதில்லை?

பெரிய மணலையும் பொடி மணலையும் கலந்து குலுக்கினால் பிரிந்துவிடுகிறது, லேசாக ஈரமாக்கினால் பிரிவதில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உலர்ந்திருக்கும்போது, குலுக்கலில் திறக்கும் இடுக்குகள் வழியே சின்னத் துகள் நழுவிக் கீழே போய்விடும். பெரியது நுழைய முடியாமல் மேலேயே தங்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால், துகள்கள் தொடும் இடத்தில் நடுவே ஒடுங்கிய ஒரு குட்டி நீர்ப்பாலம் உருவாகும். பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். சின்னது பெரியதன் மேல் ஒட்டிக்கொண்டபின் எங்கே நழுவுவது?

இதில் துகளின் அளவுதான் முக்கியம். ஒட்டுவிசை ஏறக்குறைய விட்டத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். எடையோ விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும். விட்டம் பத்தில் ஒன்றானால், எடையோடு ஒப்பிட்ட ஒட்டு 100 மடங்காகிவிடும். சில பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பொடிகள் தண்ணீரே இல்லாமல், மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான வான்டர் வால்ஸ் விசையாலேயே கட்டி தட்டுவது இதனால்தான்.

சரி, ஒட்டு கூடக்கூட நல்லதா? இல்லை. மிஞ்சினால் துகள்கள் கட்டி கட்டியாகப் புரளும், கட்டிக்குள் இருப்பது வெளியே வராது. அப்புறம் வேகமாகச் சுழலும் கத்திகளால் உடைத்துத்தான் கலக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: ஒரு வகைத் துகள் மட்டும் நீரை ஈர்த்தால், அவை தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு ஒதுங்கிவிடும். அங்கே பிரிவினைக்குக் காரணமே ஒட்டுதான்.

மூச்சில் இழுக்கும் பொடி மருந்துகளில் இதை அளந்து பயன்படுத்துகிறார்கள். சில மைக்ரான் அளவுள்ள மருந்து, பெரிய லாக்டோஸ் (பால் சர்க்கரை) துகள்கள் மேல் ஒட்டியிருக்கும். ஆனால் உறிஞ்சும் வேகத்தில் அது கழன்றும் வரவேண்டும்.