சந்தைக் கேள்வி பதில்: ஜெயிச்சா காசு யார் குடுப்பா?

கேள்வி: சார், ரெண்டு வருஷமா நிஃப்டி ஆப்ஷன் பண்றேன், கைல இருக்கறது ஒரு லட்சம்தான். டெலிகிராம்ல ஒரு ப்ராப் ஃபர்ம் (தன் பணத்துல நம்மள ட்ரேட் பண்ண விடறதாச் சொல்ற கம்பெனி) விளம்பரம் பாத்தேன். 40 ஆயிரம் ஃபீஸ் கட்டி சேலஞ்சுங்கற அவங்க ட்ரேடிங் பரீட்சைய பாஸ் பண்ணிட்டா 1 லட்சம் டாலர் அக்கவுண்ட் தராங்களாம், லாபத்துல 80% எனக்காம். புரோக்கர்கிட்டயே இருக்கவா, இதுல போய் சேரவா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல அந்த 1 லட்சம் டாலர மறந்துடுங்க. உங்க பேர்ல அப்டி ஒரு பணத்த யாரும் எங்கயும் போட்டு வைக்கல. பெரும்பாலான எடத்துல அது டெமோ அக்கவுண்ட்தான், சிமுலேட்டட்னு அவங்க விதிமுறைலயே பொடி எழுத்துல போட்டிருக்கும், போய்ப் படிச்சுப் பாருங்க. நீங்க தட்டற ஆர்டர் எந்த மார்க்கெட்டுக்கும் போகலன்னா, நீங்க ஜெயிக்கறப்ப உங்க 80% எங்கேருந்து வரும்? உங்கள மாதிரியே ஃபீஸ் கட்டித் தோத்தாங்களே, அவங்க பணத்துலேருந்துதான் வரணும். இதுக்கு ஏலச்சீட்டு எவ்வளவோ தேவல, அதுலயாவது எல்லாருக்கும் ஒரு தடவ சீட்டு விழுந்துடும்.

இன்னொண்ணு. மொத்த நஷ்டம் 10% தாண்டினா அக்கவுண்ட் காலின்னு வெச்சிருப்பாங்க, வழக்கமான விதி அதான். அப்ப உங்களுக்கு ஆட்டத்துக்குக் குடுத்தது 10 ஆயிரம் டாலர்தான், மீதி 90 ஆயிரம் ஷோகேஸ்ல வெச்ச பொம்ம மாதிரி, தொட முடியாது. ஒரு நாள் நஷ்டம் 5% தாண்டக்கூடாதுன்னு தனியா ஒரு கோடு வேற இருக்கும்.

இதுல ஆளக் கவுக்கறது டிரெயிலிங் டிராடவுன்னு ஒரு சமாச்சாரம், அக்கவுண்ட் தொட்ட உச்சத்தோடயே மேல ஏறி வர நஷ்ட எல்லை. 50,000 டாலர் அக்கவுண்ட், டிராடவுன் 2,500ன்னு வெச்சுக்கங்க, ஆரம்பத்துல உங்க சாவுக்கோடு, தொட்டா அக்கவுண்ட் காலியாகற கோடு, 47,500ல நிக்கும். ஒரு ட்ரேடு எடுக்கறீங்க, 1,800 லாபம் காட்டுது, நீங்க இன்னும் மூடல, ஆனா கோடு அந்த உச்சத்தப் பாத்துட்டு 49,300க்கு ஏறிடும். மார்க்கெட் திரும்புது, லாபம் கரையுது, உங்க என்ட்ரிக்குக் கீழ 700 டாலர் போனதுமே அக்கவுண்ட் க்ளோஸ். 2,500 வரைக்கும் தாங்கும்னு நெனச்சு உள்ள போனவரு 700ல வெளிய வந்துட்டாரு, திரும்ப ஆடணும்னா திரும்ப ஃபீஸ். எல்லா ஃபர்மும் மூடாத லாபத்தக் கணக்குல எடுக்கறதில்ல, சிலது நாள் முடிவு பேலன்ஸ மட்டும் பாக்கும், லாபப் பங்கு (ஸ்ப்ளிட்) 80ஆ 90ஆன்னு கேக்கறதுக்கு முன்னாடி இதத்தான் கேக்கணும்.

மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் கதை தெரிஞ்சிருக்கும். கனடால இருந்த கம்பெனி, 2023 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட ஃப்யூச்சர்ஸ் சந்தை ரெகுலேட்டர் சிஎஃப்டிசி கேஸ் போட்டுச்சு, 1,35,000 பேர்கிட்ட 310 மில்லியன் டாலருக்குக் கொறையாம ஃபீஸ் வாங்கிட்டு பெரும்பாலான ட்ரேடுக்கு எதிர்ப்பக்கம் கம்பெனியே நின்னுச்சுன்னு, அதாவது ஆளு தோத்தா கம்பெனிக்கு லாபம்னு, குற்றச்சாட்டு. கடைசில 2025 மே மாசம் கேஸு தள்ளுபடி, ரெகுலேட்டர் வக்கீலுங்க கோர்ட்டுல நேர்மையா நடந்துக்கலன்னு. அதனால கம்பெனி திருடன்னு நான் சொல்ல வரல. ஆனா கேஸ் போட்டப்ப கோர்ட்டு சொத்த முடக்கின அன்னைக்கே கட நின்னுபோச்சு, லாபப் பணத்துக்கு (பே-அவுட்) காத்திருந்தவங்க அப்டியே நின்னாங்க.

இங்க நிஃப்டி வெலய வெச்சு அதே மாதிரி சேலஞ்ச் நடத்தறவங்களும் இருக்காங்க. லிஸ்டட் கம்பெனி ஷேர் வெலய வெச்சு பேப்பர் ட்ரேடிங், விர்ச்சுவல் ட்ரேடிங் நடத்தற அனுமதியில்லாத தளங்கள் பக்கம் போகாதீங்கன்னு பங்குச் சந்தைய மேற்பார்க்கற செபி 2024 நவம்பர்லயே எச்சரிச்சிருக்கு, அங்க மாட்டினா செபியோட புகார் வழி எதுவும் உங்களுக்குக் கெடைக்காதுன்னும் சொல்லியிருக்கு. ஃபாரெக்ஸ்னா இன்னும் சிக்கல், வெளிநாட்டு ஃபாரெக்ஸ் ட்ரேடிங்குக்கு மார்ஜின் பணம் அனுப்ப எல்ஆர்எஸ்ல (தனி ஆளுங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஆர்பிஐ வெச்சிருக்கற திட்டம்) எடமே இல்ல, அனுமதியில்லாத தளங்களோட பேர ஆர்பிஐ தனியா ஒரு லிஸ்டாவே போட்டு வெச்சிருக்கு.

என் கணிப்பு, அந்த 40 ஆயிரம் உங்ககிட்டயே இருக்கட்டும். உங்க மூலதனத்துல 40% தம்பி அது!

கேள்வி: சென்னைல ஒரு ஆபீஸ்ல 3 லட்சம் டெபாசிட் கட்டினா அவங்க டெர்மினல்ல ஒக்காந்து ட்ரேட் பண்ணலாம், லாபம் பாதிப்பாதின்னு சொல்றாங்க. இதுவும் ப்ராப் தானே? (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: இருக்கலாம்மா, இல்லாமயும் இருக்கலாம். நெசமான ப்ராப் டெஸ்க்னா செபில பதிவான புரோக்கர், தன்னோட சொந்தப் பணத்துல, எக்ஸ்சேஞ்ச்ல ப்ரோ அக்கவுண்ட்னு பதிவு பண்ணி ட்ரேட் பண்றது, டெர்மினல்ல ஒக்காற ஆளுக்கு என்ஐஎஸ்எம் பரீட்சை பாஸ் பண்ண சர்டிஃபிகேட் கேப்பாங்க. டெபாசிட் வாங்காம சம்பளம் குடுத்தே ஒக்கார வைக்கற டெஸ்க்கும் உண்டு, உள்ள நுழையறதுதான் கஷ்டம். உங்க ஆபீஸ்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: என் 3 லட்சம் யார் பேர்ல, எந்த அக்கவுண்ட்ல போகுது, எனக்கு என்ன பேப்பர் தருவீங்க? எக்ஸ்சேஞ்ச்ல நடக்கற ட்ரேடுக்கு எங்கயோ ஒரு பதிவு இருந்தே ஆகணும். நமக்குள்ள செட்டில் பண்ணிக்கலாம், பேப்பர்லாம் எதுக்கும்மான்னு இழுத்தாங்கன்னா அது டப்பா ட்ரேடிங், எக்ஸ்சேஞ்சுக்கே போகாம கள்ளத்தனமா நடக்கறது, சட்டப்படி குத்தம், பணம் போச்சுன்னா போய்ப் புகார் குடுக்கவும் நாக்கு வராது.

கேள்வி: சரி, எந்த புரோக்கர் நல்லவர்? பேர் சொல்லுங்களேன். (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பேர் சொல்ல மாட்டேன், நாளைக்கு ஆப் தொங்குச்சுன்னா என்னத் திட்டுவீங்க. எப்டிப் பாக்கணும்னு சொல்றேன்.

பேருக்குப் பின்னாடி போடற செபி பதிவு எண்ண செபி வெப்சைட்ல தேடிப் பாத்துக்கங்க. பணம் போடறப்ப, 2025 அக்டோபர்லேருந்து பதிவான புரோக்கருக்குன்னு தனி யுபிஐ முகவரி வந்திருக்கு, பேருக்கு அப்புறம் பிஆர்கே, அப்புறம் வேலிட்னு ஆரம்பிச்சு பேங்க் பேரு. அப்டி இல்லாம ஒரு தனி ஆள் பேர்ல க்யூஆர் அனுப்பினா அங்கயே நிறுத்திடுங்க.

அப்புறம் செலவு. ஆர்டருக்கு 20 ரூபாதானேன்னு ஒதுக்கிடுவோம். வாங்க 20, விக்க 20, ஜிஎஸ்டி சேத்து 47 ரூபா 20 காசு. தெனம் அஞ்சு ட்ரேடுன்னா 236, மாசம் 20 நாள்னா 4,720. ஒரு லட்சம் வெச்சிருக்கறவருக்கு அது 4.7%, எஸ்டிடி வரியும் மத்த சார்ஜும் சேக்காமயே! 2024-25ல எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்ண தனிநபர்கள்ல 91% பேருக்கு நஷ்டம்னு செபி கணக்கு சொல்லுதுல்ல, அதுல பல பேரு மார்க்கெட்கிட்ட தோத்தத விட சார்ஜ்கிட்ட தோத்திருப்பாங்கன்னு நான் நெனைக்கறேன். அதனால ட்ரேடக் கொறைக்க முடியுமான்னு மொதல்ல பாருங்க, புரோக்கர மாத்தறது அப்புறம்.

ஷேர வாங்கி வெச்சிருக்கறவங்க கார்வி கதைய மறக்கக்கூடாது. க்ளையன்ட்டோட ஷேர எடுத்து அடகு வெச்சாங்கன்னு 2019 நவம்பர்ல செபி தட செஞ்சுச்சு, அவ்ளோ பழைய பெரிய பேரு. புரோக்கருக்கு எழுதிக் குடுத்த பவர் ஆஃப் அட்டர்னிக்கு பதிலா இப்ப டிடிபிஐ (ஒரு சில வேலைக்கு மட்டும் குடுக்கற அனுமதி) வந்ததே அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான். நான் அதுவும் குடுக்கல, விக்கறப்ப ஒவ்வொரு தடவையும் டி-பின்னு ஒரு ரகசிய நம்பர் போட்டுக்கறேன், எரிச்சலாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இப்ப என் சொந்தக் கதை. ஆப்ஷன் கெடு முடியற ஒரு எக்ஸ்பைரி அன்னைக்கு மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு என் புரோக்கரோட ஆப் அப்டியே ஒறஞ்சு நின்னுச்சு, ரெண்டு லாட் ஷார்ட்ல (வித்துட்டு இன்னும் திரும்ப வாங்காம) இருக்கேன், ஃபோன்லயே ஆர்டர் போடற கால் அண்ட் ட்ரேட் நம்பருக்கு அடிச்சா பதினோரு நிமிஷம் பாட்டு. நல்ல வேளையா இன்னொரு புரோக்கர்கிட்ட கொஞ்சம் பணத்தோட ஒரு அக்கவுண்ட் சும்மா கெடந்துச்சு, அதுல எதிர்ப் பொசிஷன் போட்டுத் தப்பிச்சேன். புரோக்கர் மட்டுமில்ல, 2021 பிப்ரவரி 24 அன்னைக்கு என்எஸ்இயே காலைல 11:40க்கு நின்னு சாயந்தரம் 3:45க்குத்தான் திரும்ப ஓடுச்சு. அதனால ஒண்ணு இல்ல, ரெண்டு புரோக்கர்.

ட்ரேட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு சோதனை பண்ணிப் பாருங்க. 5,000 போட்டு மறுநாளே வித்ட்ராவல் குடுத்து எத்தன நாள்ல பேங்குக்கு வருதுன்னு பாருங்க, அப்புறம் மார்க்கெட் நேரத்துல அந்த கால் அண்ட் ட்ரேட் நம்பருக்கு ஒரு தடவ அடிச்சு எவ்வளவு நேரம் பாட்டு ஓடுதுன்னு கேளுங்க.

கேள்வி: ஒருத்தர் என் அக்கவுண்ட் ஐடி பாஸ்வேர்டு கேக்கறாரு, அவரே ட்ரேட் பண்ணி லாபத்துல பாதி தரேங்கறாரு. குடுக்கலாமா? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நஷ்டத்துல பாதி தருவீங்களான்னு அவர்கிட்ட கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.