திருப்பணிக்கு முன் எடுக்க வேண்டிய படங்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் விரைவில் திருப்பணி தொடங்கவிருக்கிறது. சுவரிலும் அதிட்டானத்திலும் (கோயிலின் அடித்தளத்தில்) உள்ள சோழர் காலக் கல்வெட்டுகளை இளைஞர்கள் கைபேசியில் படமெடுத்து வைத்துள்ளனர். இது போதுமா? முப்பரிமாணப் பதிவும் வேண்டுமா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: திருப்பணிக்கு முன்பே இந்த எண்ணம் வந்ததற்கு முதலில் பாராட்டுகள். மணலைப் பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும்; அதன் பிறகு எவ்வளவு உயர்ந்த கருவி வந்தாலும், மழுங்கிய எழுத்தைத்தான் அது துல்லியமாக அளந்து தரும்.

உச்சி வெயிலில் நேராக எடுத்த படங்களில் எழுத்துகள் பெரும்பாலும் தெளிவாகத் தெரியா. இருட்டிய பின், டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து எடுத்துப் பாருங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில், வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி வரியாக எழுத்து எழும்பும்.

முப்பரிமாணப் பதிவு உங்களுக்கு மிகவும் பயன்படும் இடம் அதிட்டானத்தின் குமுதப் படை, அதாவது வெளியே புடைத்து நிற்கும் கல்வரிசை. அது உருண்டையாக இருந்தால், ஒற்றைப் படத்தில் மேல்வரியும் கீழ்வரியும் குறுகிப்போகும். கல்வெட்டாய்வாளர்கள் ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒற்றி மைப்படி எடுப்பதால் அந்த வளைவு தாளில் தட்டையாக விரிந்துவிடுகிறது. இதையே கணினியில் செய்ய, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பாதிக்கு மேற்பட்ட பரப்பை மீண்டும் காட்டுமாறு, அளவுகோல் ஒன்றைக் கல்லருகே வைத்து, சீரான வெளிச்சத்தில் வரிசையாக எடுக்க வேண்டும்; போட்டோகிராமெட்ரி மென்பொருள் அவற்றை இணைத்து உருவம் அமைத்துவிடும். இதற்கு நல்ல கைபேசியே போதும்.

லேசர் வருடல் (ஸ்கேனிங்) செலவு மிகுந்தது. கட்டடம் முழுவதையும் அளக்கவே அது தேவை. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தைக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் லேசரால் அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் கூரை எரிந்தபோது, நூறு கோடிக்கும் மேற்பட்ட அந்த அளவுப் புள்ளிகள் சீரமைப்புக் குழுவுக்குக் கைகொடுத்தன. ஆனாலும் கூரைக்கான ஓக் மரத்தைச் செதுக்கத் தச்சர்கள் வர வேண்டியிருந்தது.

செப்புத் திருமேனிகளை, அனுமதி பெற்று, கட்டாயம் படமெடுத்து வையுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. அது நம் கோயிலுக்குரியதே என்று காட்ட, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்திருந்த படம் உதவியது. 2014இல் சிலை இந்தியா திரும்பியது.

ஒவ்வொரு படத்துக்கும் சுவரின் திசை, படை, நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் பத்து ஆண்டுகளுக்குப் பின் அது எந்தச் சுவர் என்று எடுத்தவருக்கே தெரியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் சுருக்கப்பட்டது. மூலக்கோப்பையே இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்திருங்கள்.