டைனோசர் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

கேள்வி: 1977-இல் ஜப்பான் மீன்பிடிக் கப்பல் வலையில் டைனோசர் உடல் சிக்கியதாமே? போட்டோவே இருக்கிறது, அப்புறமும் எல்லாம் அழிந்துவிட்டது என்கிறீர்களே?

பதில்: போட்டோ நிஜம்தான். கப்பலின் பெயர் சுயோ மாரு, இடம் நியூசிலாந்துக் கடல். சுமார் 10 மீட்டர் நீளம், 1,800 கிலோ எடை, சின்னத் தலை, நீளக் கழுத்து, அதோடு குடலைப் பிடுங்கும் நாற்றம். பிடித்த மீனெல்லாம் கெட்டுவிடும் என்று பயந்து, நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரை வெட்டி வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள். அந்த நார்தான் குட்டை உடைத்தது. அதிலிருந்த அமினோ அமிலங்களை அளந்தால், பாஸ்கிங் சுறாவின் துடுப்பு நாரோடு ஒத்துப்போனது. வாயை அகலத் திறந்தபடி நீந்தி, தண்ணீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரினங்களை வடிகட்டித் தின்னும் பெரிய சுறா அது. செத்து அழுகும்போது தாடையும் செவுளும் முதலில் கழன்று விழுந்துவிடும், மிஞ்சும் சின்ன மண்டையும் முதுகெலும்பும் அச்சு அசல் நீளக் கழுத்து விலங்கு மாதிரியே இருக்கும். பலரும் அதை நினைத்துக்கொண்டது பிளீசியோசர் என்று. அதுவோ கடலில் வாழ்ந்த வேறொரு ஊர்வன இனம், டைனோசரே கிடையாது!

கேள்வி: அழிந்துபோனதாகச் சொன்ன சீலகாந்த் மீன் திரும்பக் கிடைத்ததே. டைனோசர் மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

பதில்: இது யோசிக்க வைக்கிற கேள்வி. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில், ஒரு கப்பல் கொண்டுவந்த மீன் குவியலுக்குள் நீலநிறத் துடுப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கவனித்தார், அதுதான் சீலகாந்த். அடுத்தது கிடைக்க 14 வருஷம் ஆனது, கொமோரோ தீவுகளில். அங்கத்திய மீனவர்களுக்கு அது ஏற்கெனவே பழகிய மீன், கொம்பேசா என்று பெயர்கூட வைத்திருந்தார்கள், விஞ்ஞானிகளுக்குத்தான் அது புதுச் செய்தி.

ஆனால் அது ஒன்றரை மீட்டர் மீன், பகலெல்லாம் ஆழ்கடல் குகைக்குள் கிடப்பது. தரையில் திரியும் பெரிய விலங்கு அப்படி ஒளிய முடியாது. அதுவும் ஒற்றை ஆளாக 6 கோடியே 60 லட்சம் வருஷம் தாக்குப்பிடிக்க முடியுமா என்ன, குட்டியும் குடும்பமுமாகக் கூட்டமே வேண்டும், அவை தின்ற தடம், சாணம், எலும்பு எல்லாம் வேண்டும். டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த அந்தக் காலத்துக்குப் பிந்தைய பாறைகளில் முதலை, ஆமை, பாலூட்டி எலும்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பறவைகளை விட்டுவிட்டால், உறுதியாக டைனோசர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காங்கோ காட்டில் மொகேலே-ம்பெம்பே என்ற நீளக் கழுத்து விலங்கு இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. அதைத் தேடி 1980-லும் 81-லும் போன அமெரிக்க உயிரியலாளர் ராய் மக்கால் கதைகளைத்தான் சேகரித்து வந்தார், ஒரு எலும்புத் துண்டு கிடைக்கவில்லை.

கேள்வி: பறவைகளை விட்டுவிட்டால் என்றால்? கோழியும் டைனோசரா?

பதில்: ஆமாம், சத்தியமாக. டி. ரெக்ஸ் இருந்த அதே இருகால் டைனோசர் கிளையில் வந்தவைதான் பறவைகள். 1996-இல் சீனாவின் லியாவ்நிங்கில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் உடம்பில் இறகு போன்ற இழைகளே இருந்தன. அடுத்த முறை கோழிக் குழம்பு வைக்கும்போது நெஞ்சுக்கு மேலே இருக்கும் கவட்டை எலும்பை எடுத்துப் பாருங்கள், டி. ரெக்ஸுக்கும் அது உண்டு.